பழைய கம்ப்யூட்டரும் வலப்பக்க நாற்காலியும்

கம்ப்யூட்டரை மாற்றியே ஆக வேண்டும் என்று இஞ்ஞாசிமுத்து சொன்னபோது, மனைவி கேதரின் மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். அவர் சொன்னதில் துளி உண்மையும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை, அவருடைய வலது கையில் இருந்தது. அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லும் தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது.

"முன்ன மாதிரி அமுக்குனா ஏற மாட்டேங்குது. நான் ஒண்ணு அமுக்குறேன், அது ஒண்ணு பண்ணுது. ரோசாக் ஆயிருச்சு, கெட்டுப்போச்சு," என்றார்.

"ஆமாங்க. பழசாயிருச்சுல்ல," என்றாள் கேதரின்.

மகன் ஜெரார்ட் படித்துக்கொண்டிருந்த காலத்தில் பினாங்கில் வாங்கி வந்த கம்ப்யூட்டர் அது. டைப்ரைட்டரின் பொத்தான்களை மட்டும் தனியே வெட்டி எடுத்தது போல இருக்கும். அதிலிருந்து டி.வி.க்கு ஒரு ஒயர், கேசட் ரேடியோவுக்கு ஒரு ஒயர். விளையாட்டு கேசட்டில்தான் இருக்கும். கேசட்டை ஓடவிட்டால் கீச்சுக் கீச்சென்று காதைக் கிழிக்கும் சத்தம் வந்து, அது ஓய்ந்த பிறகு ஆட்டம் தொடங்கும். பக்கத்து வீட்டுப் பாப்பம்மா முதல்நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, இஞ்ஞாசிமுத்து டிரசர் வீட்டில் கோழி அறுத்தும் நமக்கு ஒரு கிண்ணம் குழம்பு வரவில்லையே என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.

பையனுக்கு அலோர் ஸ்டாரில் வேலை கிடைத்து அவன் போனதும், கம்ப்யூட்டர் லூனாஸ் ஊரில் இருந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊசி போடும் டிரசராக இருந்து ஓய்வுபெற்று வந்த இஞ்ஞாசிமுத்துவுக்குப் பொழுது போகவில்லை. ஒருநாள் சும்மா போட்டுப் பார்த்தார். அப்புறம் விடவில்லை. கேதரினையும் பக்கத்தில் உட்காரவைத்தார். கருப்புத் திரையின் இரண்டு ஓரத்திலும் இரண்டு வெள்ளைக் கட்டைகள். நடுவில் ஒரு பந்து. கட்டையை மேலும் கீழும் நகர்த்திப் பந்தைத் திருப்பி அடிக்க வேண்டும். வலப்பக்கத்துக் கட்டைக்கு 'பி', 'எல்' என்ற பொத்தான்கள். இடப்பக்கத்துக் கட்டைக்கு 'கியூ', 'ஏ'. வலப்பக்க நாற்காலி அவருடையது, இடப்பக்கம் அவளுடையது. கல்யாணப் போட்டோவிலிருந்து கோயில் பெஞ்சு வரைக்கும் அவர்கள் அப்படித்தான். ஆண்பிள்ளை வலப்பக்கம் என்பதில் இஞ்ஞாசிமுத்துவுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

போன ஆகஸ்டில் ஒரு காலையில் குளியலறையில் விழுந்தார். வலப்பக்கம் செத்துப்போனது. பேச்சு திரும்பியது, நடையும் ஓரளவு திரும்பியது. வலது கை மட்டும் வரவில்லை. அந்தக் கையால் ஊசி வாங்காத பிட்டம் அந்தத் தோட்டத்தில் கிடையாது. இப்போது அதைக்கொண்டு ஒரு பொத்தானை நேரத்துக்கு அமுக்க முடியவில்லை. சோற்றை அள்ள முடியவில்லை. கேதரின்தான் ஊட்டினாள், அதுவும் அறைக்கதவைச் சாத்திவிட்டு. யார் வீட்டு விசேஷத்துக்கும் அவர் போவதில்லை. போனாலும் பந்தி போடுவதற்குள் எழுந்து வந்துவிடுவார்.

அதுவரைக்கும் சரி. ஆனால் ஈஸ்டர் முடிந்ததும் ஜெரார்டுக்குக் கல்யாணம். பெண் ரூத், அலோர் ஸ்டார்க்காரி. கோயில் மண்டபத்தில் சாப்பாடு. தாலி கட்டி முடிந்ததும் ஆசீர்வாதம் பண்ணிவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுவேன், சாப்பாட்டுக்கு இருக்கமாட்டேன் என்று இஞ்ஞாசிமுத்து சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா கை நனைக்காமல் போனால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள்? சம்பந்தம் பிடிக்கவில்லை என்றுதான் நினைப்பார்கள். கல்யாணத்தன்று விழுந்த அந்த முடிச்சை அப்புறம் ஆயுசுக்கும் அவிழ்க்க முடியாது. கேதரினுக்கு ராத்திரித் தூக்கம் போனதே அதனால்தான்.

இதற்கு நடுவில்தான் இந்த ஆட்டம். தினமும் சாயங்காலம் அவர் வலது கையைத் தூக்கிப் பொத்தான்மேல் வைப்பார். பந்து போய்விடும். கம்ப்யூட்டரைத் திட்டுவார். கேதரினும் சேர்ந்து திட்டுவாள். அதோடு தன் பக்கம் வரும் பந்துகளையும் அவள் விட்டுக்கொடுக்கத் தொடங்கினாள். தெரியாத மாதிரி தோற்பது லேசான வேலை இல்லை. ஜெயிப்பவனுக்குப் பந்தைத் தொட்டால் போதும். தோற்பவள் பந்து எங்கே வரும் என்று சரியாகக் கணித்து, ஒரு மயிரிழை தள்ளி நிற்க வேண்டும். அந்த வித்தையில் அவள் தேர்ந்துவிட்டாள். தவக்காலத்துப் பாவசங்கீர்த்தனத்தில், "சாமி, ஆட்டத்துல வேணும்னே தோக்குறேன்," என்று சொன்னாள். சாமியார் எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று அருள்நிறை மரியே செபம் சொல்லச் சொன்னார்.

அவர் விடாமல் புலம்பியதால் கடைத்தெருவில் ரேடியோ, டி.வி. பழுதுபார்க்கும் மனோகரனை ஒருநாள் கூட்டிவந்தாள். அவன் திறந்து பார்த்தான், தூசி தட்டினான், ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்தான். எல்லாம் நன்றாக வேலை செய்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தவன், இஞ்ஞாசிமுத்துவின் முதுகுக்குப் பின்னால் நின்ற கேதரினின் கண்ணைப் பார்த்தான்.

"பழசுதான் அங்கிள்," என்றான். "உள்ள எல்லாம் தேஞ்சி போச்சு."

இஞ்ஞாசிமுத்து வெற்றி வீரர் மாதிரி அவளைப் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை ஜெரார்ட் வந்தான். அப்பா கம்ப்யூட்டரை மாற்ற வேண்டும் என்று கேட்டதில் அவனுக்கு ஏக சந்தோஷம். விழுந்த நாளிலிருந்து அவர் எதுவுமே கேட்டதில்லை.

"இப்ப வர்றது வேற மாதிரிப்பா. கலரு. கேசட்டுக்கெல்லாம் காத்துக்கிட்டு இருக்க வேணாம், டிஸ்க்கு. போட்ட ஒடனே ஆட்டம் வந்துரும். பெண்டாங்ல ஜூலியஸ் வாத்தியாரு இருக்காருல்ல, அவரு ஸ்கூல் புள்ளைங்களுக்குக் காட்ட இந்தப் பழச எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டாரு. நீங்க சரின்னு சொன்னா அடுத்த சனிக்கிழமையே மாத்திரலாம்."

"அமுக்குனா ஒடனே கேக்குமா?"

"கண்ணச் சிமிட்டுறதுக்குள்ள கேக்கும்பா."

"அப்ப மாத்து," என்றார் இஞ்ஞாசிமுத்து.

கேதரின் எழுந்தாள். மகனைச் சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"புதுசு வேணாம் ஜெரார்ட்."

"ஏம்மா? அப்பாதானே கேக்குறாரு."

"இது பழசா இருக்கப் போயித்தான் அதும்மேல பழிய போட்டுக்கிட்டு இருக்காரு. புதுசு வந்து, அதுலயும் பந்து போச்சுன்னா? எத சொல்லுவாரு? கைதான்னு தெரிஞ்சிரும்டா. அதுக்கப்புறம் ஒங் கல்யாணத்துக்கு இல்ல, வாசப்படிக்குக் கூட வர மாட்டாரு."

ஜெரார்ட் குரலைத் தாழ்த்தினான். "பெரிய ஆஸ்பத்திரி டாக்டரு இடது கைய பழக்கச் சொன்னாருல்ல? ஸ்பூன் வச்சாச்சும் சாப்பிடலாம்னாரே."

"அத நீ போய்ச் சொல்லு ஒங்கப்பாகிட்ட."

ஜெரார்ட் போகவில்லை. டாக்டர் அதைச் சொன்ன அன்று, வீட்டுக்குள் வந்ததும் இஞ்ஞாசிமுத்து ஒரே ஒரு தடவை சொன்னார்: "எந்தக் கையால திங்கச் சொல்றான் பாரு." கழுவுகிற கையால் சோறு தின்பதா என்பது அவர் கேள்வி. கம்ப்யூட்டரை மாற்றுவதா வேண்டாமா என்பதை அடுத்த வாரம் வந்து முடிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டு ஜெரார்ட் பஸ் ஏறினான்.

திங்கட்கிழமை காலை கேதரின் கம்ப்யூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் முடிவெட்டிக்கொள்ளக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். துடைத்து முடித்துத் தன் நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவளுடைய இடது கை தானாகப் போய் 'கியூ'விலும் 'ஏ'விலும் உட்கார்ந்துகொண்டது. அவள் அந்தக் கையையே பார்த்தாள். இத்தனை வருஷம் எந்தக் கையால் ஆடுகிறோம் என்று அவள் யோசித்ததே கிடையாது. நாற்காலி எந்தப் பக்கமோ, கையும் அந்தப் பக்கம். யாரும் அவளுக்குச் சொல்லித் தரவும் இல்லை, பழக்கவும் இல்லை.

அவளுக்கு அப்போது பிடித்த பிடிவாதம் சாதாரணப் பிடிவாதம் இல்லை. ஒயர்களைப் பிடுங்கினாள். கம்ப்யூட்டரைச் சந்தைக்குக் கொண்டுபோகும் பாசார் கூடையில் வைத்து, மேலே ஒரு கட்டு கங்கோங் கீரையைப் பரப்பினாள். குறுக்குச் சந்து வழியாக மனோகரன் கடைக்கு நடந்தாள்.

"இந்த 'பி' எழுத்து மட்டும் வேல செய்யக் கூடாது. மத்ததெல்லாம் நல்லா இருக்கணும். முடியுமா?"

மனோகரன் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தான். "ஆண்டி, கட போட்ட நாள்லேருந்து சாமான சரி பண்ணிக் குடுன்னுதான் ஆளுங்க வந்திருக்காங்க. கெடுத்துக் குடுன்னு வந்தது நீங்கதான் மொத ஆளு."

"முடியுமா முடியாதா லா?"

"முடியும். நீங்க புதுசு எடுக்கப் போறீங்கன்னு கேள்விப்பட்டேனே."

"அதெல்லாம் எடுக்கல. இதத்தான் வச்சிக்கப் போறோம். எவ்வளவு கேப்ப?"

"கெடுக்கறதுக்கு யாராச்சும் காசு வாங்குவாங்களா? தோசம்," என்று சொல்லி, 'பி' பொத்தானுக்கு அடியில் சின்னதாக ஒரு டேப் துண்டை ஒட்டி மூடிக் கொடுத்தான்.

அன்று சாயங்காலம் ஆட்டம் தொடங்கியது. இஞ்ஞாசிமுத்து 'பி'யை அமுக்கினார். கட்டை ஏறவில்லை. மறுபடி அமுக்கினார். கேதரினையும் அமுக்கச் சொன்னார். அவள் அமுக்கினாள். ஏறவில்லை.

"பாத்தியா?" என்றார். "சொன்னேன்ல? சொன்னப்ப ஒருத்தனும் நம்பல."

அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. எட்டு மாதத்தில் இந்த உலகம் ஒரு தடவையாவது அவர் பக்கம் சாட்சி சொல்லிவிட்டது.

"சனிக்கிழம வரைக்கும் என்னா பண்றது?" என்றாள். "எம் பக்கம் நல்லாத்தான் இருக்கு. நான் கம்ப்யூட்டரோட ஆடுறேன். நீங்க பாருங்க."

ஒற்றை ஆள் ஆட்டத்தில் வலப்பக்கக் கட்டையைக் கம்ப்யூட்டரே ஆட்டும். கேதரின் இடப்பக்கத்தில் உட்கார்ந்து, தன் வாழ்நாளிலேயே மட்டமான ஆட்டத்தை ஆடினாள். மேலே வரும் பந்துக்குக் கீழே போனாள். கீழே வந்த பந்தைக் கொட்டாவி விட்டபடி வழியனுப்பினாள்.

"மேல, மேல. அட, இதக் கூடவா விடுவ?" இஞ்ஞாசிமுத்து நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "கண்ணு எங்க இருக்கு ஒனக்கு?"

"ஐயோ, கொழம்பு அடி பிடிக்குது," என்று கேதரின் எழுந்தாள். ஆட்டத்தை நிறுத்தவில்லை. திரும்பிப் பார்க்காமல் சமையல்கட்டுக்குப் போனாள். அடுப்பில் குழம்பும் இல்லை, தண்ணீரும் இல்லை. சுவரில் சாய்ந்து நின்று காதைக் கொடுத்தாள். ஓடுகிற பந்தை அநாதையாக விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க அந்த மனிதரால் முடியாது என்று அவள் நம்பியிருந்தாள். வேறு எந்தத் திட்டமும் அவளிடம் இல்லை.

முதலில் பந்து விழும் சத்தம் கேட்டது. அப்புறம் நாற்காலி இழுபடும் சத்தம். அப்புறம், டொக். பந்து கட்டையில் பட்டுத் திரும்புகிறது. மறுபடி டொக். ஒன்றிரண்டு தடவை பட்டுப் போய்விடும் என்று நினைத்தாள். போகவில்லை. டொக், டொக் என்று அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை நீளமாக ஒரு பந்து நின்று அவள் கேட்டதே இல்லை, அவர் நன்றாக இருந்த காலத்திலும்.

மெல்ல எட்டிப் பார்த்தாள். அவளுடைய நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. இடது கை விரல்கள் பொத்தான்மேல் நடனமாடிக்கொண்டிருந்தன. புதிதாகப் பழகுகிறவன் கை அப்படி இருக்காது. கேதரின் அருகில் போய் நின்றாள்.

"என்னங்க இது?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சின்னப் புள்ளையில எனக்கு எல்லாமே இந்தக் கைதான்," என்றார். "எழுதுறது, எறியிறது, திங்கிறது எல்லாம். எங்கப்பா அடிச்சுப் பாத்தாரு. கேக்கல. அப்புறம் சாப்பாட்டு நேரத்துக்கு இந்தக் கைய ஒரு துண்டால ஒடம்போட சேத்துக் கட்டிருவாரு. எவ்வளவு நாளு கட்டுனாருன்னு ஞாபகம் இல்ல. வலது கை பழகிருச்சு."

"எங்கிட்ட ஒரு தடவ கூட சொல்லலையே."

"சொல்றதுக்கு என்னா இருக்கு?" என்றார். பந்து போய்விட்டது. அடுத்த பந்துக்குக் காத்திருந்தார்.

கேதரினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முப்பது வருஷம் கூடவே படுத்து எழுந்தும், துண்டால் கட்டப்பட்ட ஒரு பிள்ளை அவருக்குள் உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கையை எடுத்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது. கொடுத்தால் பந்து போய்விடும் என்று பேசாமல் நின்றாள்.

அந்த வாரம் முழுக்க அவர் இடப்பக்கத்து நாற்காலியில்தான் ஆடினார். கம்ப்யூட்டரை ஜெயிக்கவும் தொடங்கிவிட்டார். ஆனால் சோறு மட்டும் இன்னும் அவள் கையால்தான், சாத்திய கதவுக்குப் பின்னால்தான். ஆட்டம் வேறு, சோறு வேறு. கேதரின் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொறுத்தார் பூமியாள்வார் என்பதை அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. இந்த மனிதரிடம் வாழ்க்கைப்பட்டுப் படித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை ஜெரார்ட் வந்தான். "'பி' செத்துப் போச்சு," என்று அவனிடம் இஞ்ஞாசிமுத்து பெருமையாகச் சொன்னார். "சாகுறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

ஜெரார்ட் ஸ்குரூவைக் கழற்றித் திறந்தான். டேப் துண்டைக் கண்டான். அதை விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு, "இது என்னா..." என்று தொடங்கினான். எதிரே கேதரின் அவனை ஒரு பார்வை பார்த்தாள். துண்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"சின்ன ரோசாக்குதான்பா. சரியாயிருச்சு. வாங்க, ஒங்க எடத்துல ஒக்காருங்க."

இஞ்ஞாசிமுத்து வலப்பக்க நாற்காலியைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"அங்க அவள ஒக்காரச் சொல்லு."

கேதரின் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உட்காரும்போதே முடிவு செய்துவிட்டாள், இன்றைக்கு ஒரு பந்துகூட விட்டுக்கொடுப்பதில்லை என்று. ஒற்றை ஆள் ஆட்டத்தில் அவர் ஜெயிப்பது கம்ப்யூட்டரை. கம்ப்யூட்டருக்குப் புத்தி கொஞ்சம் மந்தம். அந்தக் கை எவ்வளவு தூரம் திரும்பியிருக்கிறது என்று அவளுக்கு உண்மையாகத் தெரிய வேண்டும். இத்தனை நாள் தோற்பதற்குச் சேர்த்துவைத்த அத்தனை கணக்கையும் இப்போது ஜெயிக்கப் போட்டாள். மூலைக்கு அடித்தாள். வேகமாக அடித்தாள். ஜெரார்ட் அம்மாவை வாயைப் பிளந்து பார்த்தான். அவள் இப்படி ஆடுவாள் என்று அவனுக்கும் தெரியாது.

எல்லாம் திரும்பி வந்தது. மூலைக்குப் போனதும் வந்தது, வேகமாகப் போனதும் வந்தது. கடைசியில் அவள் கட்டைக்கு ஒரு மயிரிழை மேலே பந்து பறந்துபோனது. அது அவள் விட்ட பந்து இல்லை. அவர் எடுத்துக்கொண்ட பந்து. தோற்றுப்போனதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வாழ்நாளில் வந்ததில்லை. அதை மறைக்க முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப ஜூலியஸ் வாத்தியார்கிட்ட என்னாப்பா சொல்லட்டும்?" என்று ஜெரார்ட் கேட்டான். "புதுசு எடுக்கலாமா?"

"எதுக்கு? ஒரு பொத்தான் மக்கர் பண்ணுச்சுன்னு மெஷின யாராச்சும் தூக்கிப் போடுவாங்களா?" என்றார் இஞ்ஞாசிமுத்து, அந்த யோசனையே ஜெரார்டுடையது என்பதுபோல. "இது இன்னும் ஓடும்."

மத்தியானம் கேதரின் மீன் குழம்பை ஊற்றிச் சோற்றைப் பிசைந்து, தட்டை எடுத்துக்கொண்டு அறைப்பக்கம் நடந்தாள். ஜெரார்ட் மேசை முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இங்கயே வையி," என்றார் இஞ்ஞாசிமுத்து.

இடது கையைக் கழுவிக்கொண்டு வந்து மகனுக்கு எதிரே உட்கார்ந்தார். கை சோற்றுக்கு மேலே கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. ஜெரார்ட் தன் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கேதரின் அடுப்பு மேடையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எங்கிருந்தோ அவருடைய அப்பாவின் அந்தத் துண்டு வந்து மறுபடி கட்டிவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. கை இறங்கியது. ஒரு கவளத்தை உருட்டியது. பாதி மேசையில் சிந்தியது, மீதி வாய்க்குப் போனது. இரண்டாவது கவளத்தில் அவ்வளவு சிந்தவில்லை.

மென்று விழுங்கிவிட்டு அவர் கேட்டார்: "ரூத்தோட அப்பா எங்க ஒக்காருவாரு? கல்யாணச் சாப்பாட்டுல."

"இன்னும் எடம் எதுவும் போடலப்பா," என்றான் ஜெரார்ட். "ஒங்களுக்கு எப்படி வசதியோ அப்படி போட்டுக்கலாம். பக்கத்துல கொஞ்சம் மறைவா..."

"எதுத்தாப்புல போடு," என்றார் இஞ்ஞாசிமுத்து. "நல்லாப் பாக்கட்டும்."

கேதரின் வந்து அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.